ஐந்து சென்டாவோவும் ஒரு வாக்கியமும்

லெயோன்சியோ உர்கியோலா எங்களுக்குத் தரவேண்டியது இருநூற்று நாற்பத்து நான்கு பெசோ, நாற்பது சென்டாவோ. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் முப்பத்தெட்டாம் பக்கத்தில் அது எழுதியிருந்தது. தொண்ணூற்று நான்கு பேர், ஆளுக்கு வாரம் ஐந்து சென்டாவோ, ஐம்பத்திரண்டு வாரம். எழுத்து தெரிவதற்கு முன்பே இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

அவர் எங்கள் சுருட்டுக் கம்பெனியின் வாசிப்புக்காரர். நாங்கள் மேசை மேசையாக உட்கார்ந்து சுருட்டு சுற்றுவோம். நடுவில் உயரமாக ஒரு மேடை, அதில் ஒரு நாற்காலி. காலையில் செய்தித்தாள், மதியத்துக்குப் பிறகு நாவல். கை வேலையில் இருக்கும், காது அவரிடம் இருக்கும். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுப்பதில்லை. சனிக்கிழமை கூலி வாங்கியதும் நாங்கள் கொடுப்போம். எந்த நாவல் வேண்டும் என்று வாக்கெடுப்பதும் நாங்கள்தான். வாசித்தது பிடித்துப்போனால் இலை வெட்டும் பிறைக்கத்தியால் மேசையைத் தட்டுவோம். பிடிக்கவில்லை என்றால் கத்தியைத் தரையில் போடுவோம். தொண்ணூற்று நான்கு கத்தி சிமெண்டுத் தரையில் விழுந்தால், அந்த மேடையில் அதற்குப் பிறகு உட்கார யாருக்கும் தைரியம் வராது.

லெயோன்சியோவுக்கு நல்ல குரல். இருமல் காட்சி வந்தால் நமக்கே நெஞ்சு கமறும். 1945இல் ஒருநாள் வாசிப்பு முடிந்ததும் எழுந்து நின்று, முப்பத்திரண்டாம் வருஷத்து வேலைநிறுத்தத்தை வைத்துத் தானே ஒரு நாவல் எழுதப்போவதாகச் சொன்னார். மாலையில் மருந்துக்கடையில் கணக்கெழுதப் போவார். அதை விட்டால்தான் எழுத முடியும், விட்டால் சாப்பாட்டுக்கு இடிக்கும் என்றார். வழக்கமான காசுக்கு மேல் ஆளுக்கு ஐந்து சென்டாவோ சேர்த்துப் போடுகிறோம் என்றோம்.

"தர்மமா வேண்டாம், கடனா எழுதிக்குங்க" என்றார். அவருக்கு அப்போது மானம் இருந்தது.

வேலைநிறுத்தம் என்றால் எங்கள் ஊரில், கியூபாவின் கபைகுவானில், என் அண்ணன் ரெமிஹியோவைத்தான் சொல்வார்கள். ஏழாம் மேசையில் இருந்தவன். மேஸ்திரி ப்ருதென்சியோ போலீசிடம் அவன் பெயரைக் கொடுத்தான். பிடித்துக்கொண்டு போய், கமிட்டியில் மற்ற ஒன்பது பேர் யார் யார் என்று கேட்டு அடித்தார்கள். பதினோரு நாள். அவன் ஒரு பெயரும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் பிணத்தைக் கொடுத்தார்கள். அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவன். இன்றைக்கு நான் மூச்சு விடுவது அவன் வாயை மூடிக்கொண்டதால்.

லெயோன்சியோ என்னிடம் வந்து கேட்டார். "நிக்காசியோ, உன் அண்ணன் பேரை அப்படியே போடட்டுமா, மாத்திடட்டுமா?"

"எதுக்கு மாத்தணும்? அவன் என்ன திருடினானா?" என்றேன்.

அந்த ஒரு பதிலுக்காக என்னை நானே எத்தனையோ முறை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாவலின் பெயர் 'ஏழாம் மேசை'. எழுதி முடித்து எங்களுக்கு இரண்டு முறை வாசித்தார். காவல் நிலையக் காட்சி இப்படி வரும். சார்ஜென்ட் காகிதமும் பென்சிலும் கொடுத்து, பெயர்களை எழுது என்பான். எனக்குக் காகிதம் பழக்கமில்லை, இலை கொடுங்கள் என்பான் ரெமிஹியோ. இலை கொண்டுவந்து கொடுப்பார்கள். உடைந்த விரல்களோடு ஒரு சுருட்டைச் சுற்றி சார்ஜென்ட் கையில் கொடுத்து, "எல்லாப் பேரும் இதுக்குள்ள இருக்கு. புகைச்சுப் படிச்சுக்குங்க" என்பான். அந்த இடம் வந்தபோது கத்தி தட்டிய சத்தத்தில் தெருவில் போன குதிரைவண்டி மிரண்டு நின்றது. அது நிஜமாக நடந்ததா என்று எனக்குத் தெரியாது. லெயோன்சியோவின் கற்பனையாகத்தான் இருக்கும். ஆனால் அண்ணன் அப்படிப்பட்டவன்தான்.

புத்தகம் முந்நூறு பிரதி அச்சானது. எங்களில் ஒருவரும் வாங்கவில்லை. இரண்டு முறை கேட்டாகிவிட்டது, காதில் இருப்பதற்கு எதற்குக் காசு என்று இருந்துவிட்டோம். கேட்டே பிழைத்தவர்களின் புத்தி அது. அவரும் கடனைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் கதையை எழுதியவர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தோம்.

1951இல் அந்த நாவலைப் படமாக எடுத்தார்கள். மூவாயிரம் பெசோ வாங்கிக்கொண்டு லெயோன்சியோவே ஹவானாவில் உட்கார்ந்து படத்துக்கும் எழுதிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டோம். மேடைக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டோம். பெருமையாகத்தான் இருந்தது. படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியே கஞ்சி போட்ட சட்டையோடு வரிசையில் நின்றது.

பெயர் மாறியிருந்தது. 'புகையும் முத்தமும்'.

ரெமிஹியோவாக நடித்தவன் மீசையை எறும்பு வரிசை மாதிரி வைத்திருந்தான். பிறைக்கத்தியை இரண்டு விரலால் பிடித்தான். பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், சுருட்டு சுத்துறியா, சவரம் பண்ணிக்கிறியா?" தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு பாட்டுக்காரி வந்தாள். நாவலில் அப்படி ஒருத்தியே கிடையாது. ரெமிஹியோ அவள் பின்னாலேயே சுற்றினான். மேஸ்திரி ப்ருதென்சியோ வெள்ளைத் தாடியோடு, தொழிலாளிகளின் குழந்தைகளுக்கு ரொட்டி கொடுக்கும் நல்லவராக வந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காவல் நிலையம் வந்தது. இலை கேட்பான் என்று நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். அவன் இலை கேட்கவில்லை. அந்தப் பாட்டுக்காரியோடு கப்பலேற அனுமதித்தால் போதும் என்று சொல்லி, ஒன்பது பேரின் பெயரையும் சுருட்டில் ஒட்டும் பட்டைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். கடைசியில் மேஸ்திரிதான் ஒன்பது பேரையும் காப்பாற்றுகிறார். ரெமிஹியோ துறைமுகத்தில் அழுதுகொண்டே சாகிறான்.

விளக்கு போட்டபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்துக்குப் பணம் போட்டது யார் என்று வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது. அர்செனியோ. மேஸ்திரி ப்ருதென்சியோவின் மகன், இப்போது பெரிய இலை வியாபாரி. வாசலில் லெயோன்சியோவோடு தோளில் கை போட்டு நின்றிருந்தான். லெயோன்சியோ வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்.

நான் நேராகப் போனேன். "வாத்தியாரே, என் அண்ணன் எப்போ பேரை எழுதிக் குடுத்தான்?"

"சினிமான்னா வேற, நிக்காசியோ. ஜனங்களுக்குக் காதல் வேணும், ஒரு திருப்பம் வேணும்..."

"திருப்புறதுக்கு என் அண்ணன்தான் கிடைச்சானா? பேரையாவது மாத்தியிருக்கலாமே. நீங்க எழுதின புத்தகத்துல இப்படி இல்லையே."

கூட்டம் கூடிவிட்டது. அர்செனியோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். லெயோன்சியோ தொண்டையைச் செருமினார். மேடையில் பக்கம் புரட்டுவதற்கு முன்னால் செருமுகிற அதே செருமல்.

"புத்தகத்துலயும் அந்தச் சந்தேகம் இருக்கு. கவனிச்சுப் படிச்சாத் தெரியும். நீ படிச்சியா?"

"கேட்டேன். ரெண்டு தடவ."

"கேக்குறது வேற, படிக்கிறது வேறப்பா. காது தனக்குப் பிடிச்சதைத்தான் வச்சுக்கும்."

அர்செனியோ சிரித்தான். அவன் சிரித்ததால் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். பதினெட்டு வருஷம் அந்த ஆள் குரலைக் காதில் வைத்திருந்தவன் நான். அந்தக் காதையே அவர் செருப்பால் அடித்துவிட்டார். அன்றைக்கு அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: இதை நீ திருப்பி விழுங்குவாய். எல்லார் முன்னாலும் விழுங்குவாய்.

அந்த வருஷம் சங்கத்துக்குப் புதுக்கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். ரெமிஹியோ பெயரை வைப்பதாக முடிவாகியிருந்தது. முகப்புச் சுவரில் எழுத பெயிண்டருக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. படம் வந்த அடுத்த கூட்டத்தில் ஃபெர்மின் என்ற இருபது வயதுப் பையன் எழுந்தான்.

"ரெமிஹியோ பேரு வேணுமான்னு கொஞ்சம் யோசிக்கலாம்ணே. படத்துல பாத்தோம்ல."

"படத்துல பாத்தா? உங்கப்பனைக் கேளுடா!"

"அப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சுண்ணே."

அதுதான் விஷயம். நடந்ததை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒன்பது பேரில் நாலு பேர்தான் மிச்சம். இளசுகளுக்குத் தெரிந்தது அந்த எறும்பு மீசைக்காரன் மட்டும். சங்கச் செயலாளர் ஃபானோ நல்ல மனிதர்தான், ஆனால் சண்டை என்றால் வியர்த்துப்போகும். "ஒத்திப் போடுவோம்" என்றார். சுவர் வெறும் சுண்ணாம்போடு நின்றது. காபிக்கடையில் ஒருத்தன் என்னைப் பார்த்து, "எழுதிக் குடுத்தவன் தம்பி வர்றாரு, பட்டைக் காகிதத்தை ஒளிச்சு வைங்கடா" என்றான். அவன் பல் ஒன்றை உடைத்தேன். மற்ற வாய்களை என்ன செய்வது?

புத்தகம் வேண்டும் என்று தேடினேன். எங்கேயும் இல்லை. லெயோன்சியோ வீட்டுப் பெட்டிகளில் கிடந்த பிரதிகளைப் படத்துக்கான உரிமையோடு சேர்த்து அர்செனியோ மொத்தமாக வாங்கிக்கொண்டு போயிருந்தான். விற்ற பத்திருபதும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் காதைக் காட்டினார்கள். "எங்கிட்ட இருக்கே, இங்க!"

கிடைத்தது கசில்டாவிடம். காம்பு கிள்ளும் பெண்களின் கொட்டகையில் முப்பது வருஷம் வேலை செய்தவள், புருஷன் இல்லாதவள், நாக்கு மட்டும் இருப்பவள். அந்தக் கொட்டகை முற்றத்துக்கு அப்பால் இருந்தது.

"எங்க காதுக்கு உங்க வாத்தியார் குரல் எங்க வந்துச்சு? உங்க கத்தி தட்டுற சத்தம் மட்டுந்தான் வரும். எதுக்குத் தட்டுறானுங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் நாங்க காசு சேத்து ஒரு புத்தகம் வாங்கினோம்" என்றாள். அட்டை போயிருந்தது. பக்கங்களில் எல்லாம் பெண்களின் புகையிலைக் கறை.

"குடு, கொண்டுபோய்க் காட்டணும்."

"குடுக்க மாட்டேன். வேணும்னா இங்க உக்காந்து படி."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"கத்துக்கோ."

"நாப்பத்தாறு வயசுலயா?"

"பழி வாங்க வயசு இருக்கு, எழுத்து படிக்க இல்லையா? வேற யாராவது படிச்சுக் காட்டினா அந்தாளு என்ன சொல்வான்? மறுபடியும் காதால கேட்டேன்னுதானே சொல்வான்?"

சரிதான். ஞாயிறு மதியம் அவள் அடுக்களை மேசையில் ஆரம்பித்தோம். ஆறு நாள் வேலை செய்த முதுகு ஏழாம் நாள் படுக்கைதான் கேட்கும். இலையின் நரம்பை இருட்டிலும் கண்டுபிடிக்கிற விரல் எனக்கு. அது எழுத்தின் மேல் நகர்ந்தால் ஒன்றும் பிடிபடாது. தூக்கம் வந்தால் கசில்டா கரண்டியால் மேசையைத் தட்டுவாள். "அர்செனியோ சிரிக்கிறான் பாரு" என்பாள். உடனே தூக்கம் போய்விடும். நான் முதலில் படித்த சொல் ரெமிஹியோ. இரண்டாவது சொல் மேஸ்திரி. பள்ளிக்கூடத்தில் வேறு சொல் சொல்லித் தருவார்கள் என்று நினைக்கிறேன்.

பதினான்கு மாதம் ஆனது, இருநூற்றுப் பதினோராம் பக்கத்துக்கு வர. அந்தப் பக்கம் என் காதில் இருந்தது போலவே இருந்தது. ஒரு சொல் கூட மாறவில்லை. கசில்டா எதிரில் உட்கார்ந்து வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை படித்துவிட்டு, "நான் தப்பாக் கேக்கல" என்றேன். "அது எனக்கு எப்பவோ தெரியுமே. இனி புத்தகத்தை நீயே வச்சுக்கோ" என்றாள்.

உடனே போய்க் காட்டவில்லை. ஃபானோவிடமோ ஃபெர்மினிடமோ காட்டுவதால் எனக்கு என்ன கிடைக்கும்? சொன்ன வாய் வரவேண்டும். காத்திருந்தேன். இலையைப் பதப்படுத்தி இரண்டு வருஷம் மூட்டையில் வைக்கிறவர்கள் நாங்கள். அவசரம் கிடையாது.

1953 மார்ச்சில் லெயோன்சியோ வந்தார். ஹவானாவில் இரண்டாவது படம் கிடைக்கவில்லை. மூவாயிரமும் கரைந்துவிட்டது. வாசிக்கத்தான் தெரியும் அவருக்கு. ப்ளாசேத்தாஸ், ரெமேதியோஸ் என்று ஊர் ஊராகக் கம்பெனிகளில் மேடை கேட்டுப் போயிருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "பழைய மேசைக்காரங்ககிட்ட கணக்கு தீர்த்துட்டீங்களா? அவங்க கடிதம் எங்கே?" வாசிப்புக்காரரை வைப்பது தொழிலாளிகள்தானே. ஓர் ஊரில் கடன் வைத்தவரை இன்னொரு ஊர் ஏற்றாது. அது எங்களுக்குள் இருக்கிற வழக்கம்.

சனிக்கிழமை, கம்பெனியில் கூலி போட்டு முடித்த நேரம். வெள்ளைக் கோட்டின் கை மடிப்பு நைந்திருந்தது. ஃபானோவின் மேசையில் நோட்டுகளை அடுக்கினார்.

"இருநூத்தி நாப்பத்தி நாலு, நாப்பது. சரியா இருக்கும், எண்ணிக்கோங்க. ஒரு கடிதம் மட்டும் எழுதிக் குடுத்தா போதும்."

ஃபானோவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பணத்தை இழுக்கக் கை நீட்டினார்.

"அந்தக் காசு யாரோடது?" என்று கேட்டேன்.

லெயோன்சியோ திரும்பினார். "கடன் வாங்கினேன்."

"யாருகிட்ட? அர்செனியோகிட்டயா?"

அடுக்கிய நோட்டுகளையே மறுபடியும் அடுக்கினார். அதுவே போதும். நான் எழுந்தேன். "ஃபானோ, கொஞ்சம் பொறுங்க. வாத்தியார் ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்காரு. மேடையும் காலியா இருக்கு. ஒரு பக்கம் வாசிக்கட்டும். அவரோட சொந்த நாவல்தான். இருநூத்திப் பதினோராம் பக்கம்."

"அந்தப் புத்தகம் இப்ப எங்க கிடைக்குது?" என்று சிரித்தார்.

தினமும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்ததை எடுத்து நீட்டினேன். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதைப் பார்க்க நான் இன்னொரு பதினான்கு மாதம் கூடப் படித்திருப்பேன்.

"கண்ணாடி கொண்டு வரலப்பா."

"பரவால்ல, நான் படிக்கிறேன்."

"நீயா?"

"நான் படிச்சேனான்னு கேட்டீங்களே. அதுக்குத்தான் பதில் சொல்றேன்."

மேடையில் ஏறினேன். முப்பது வருஷம் கீழேயிருந்து பார்த்த நாற்காலி. உட்காரவில்லை. நின்றுகொண்டு, விரல் வைத்து, கூட்டிக் கூட்டிப் படித்தேன். வாசிப்பு என்று சொல்ல முடியாது அதை, கல் உடைக்கிற மாதிரி இருந்தது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றபோது கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. காகிதம் வேண்டாம், இலை கொடுங்கள் என்றான். உடைந்த விரலால் சுற்றினான். எல்லாப் பேரும் இதுக்குள்ள இருக்கு. கீழே ஒரு வரி, அதையும் விடாமல் படித்தேன்: அந்த அறையில் யாரும் எந்தப் பெயரையும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

"இதுல எங்க இருக்கு சந்தேகம்? காட்டுங்க" என்று பக்கத்தை அவர் முன்னால் பிடித்தேன்.

முதலில் தட்டியது ஃபெர்மின். பிறகு எல்லாரும். தட்டித் தட்டி மேசைப் பலகைகள் அதிர்ந்தன. சத்தம் அடங்கியதும் லெயோன்சியோ மெல்லச் சொன்னார், "சரி. நான் எழுதினது அதுதான். படத்துல மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன். வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல? இப்போ பணத்தை எடுத்துக்கிட்டு என்னை விட்டுடுங்க."

"எடுத்துக்க மாட்டோம்" என்றேன்.

ஃபானோ பதறினார். "நிக்காசியோ, மொத்தமா வருதுய்யா!"

"நாம மொத்தமாவா குடுத்தோம்? வாரம் அஞ்சு சென்டாவோ, ஒவ்வொருத்தன் கையிலேர்ந்து வாங்கினாரு. அப்படியே திருப்பிக் குடுக்கட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை, தொண்ணூத்தி நாலு கையில, அவரு கையாலயே. செத்தவங்க வீட்டுல பொண்டாட்டி புள்ள கையில. ஐம்பத்திரண்டு வாரம். குடுக்கும்போது ஒண்ணு சொல்லணும்: ரெமிஹியோ யாரையும் காட்டிக் கொடுக்கல. கேக்குறவனுக்குக் கேக்குற மாதிரி சொல்லணும். கேட்டுத்தானே நாங்க கெட்டுப்போனோம், கேட்டே சரி பண்ணிக்கிறோம்."

வாக்கெடுப்பு என்றார் ஃபானோ, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. சம்மதம் என்றால் தட்டுங்கள். தட்டினார்கள். ஒரு கத்தி கூடக் கீழே விழவில்லை.

லெயோன்சியோ நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். வரமாட்டார் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை வந்தார், ஐந்து சென்டாவோ நாணயங்கள் நிறைந்த பையோடு. வேறு போக்கிடம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதல் வாரம் முணுமுணுத்தார். நான் பின்னாலேயே போனேன். "கேக்கல, வாத்தியாரே. மேடையில வாசிச்ச குரல் எங்க போச்சு?" இரண்டாம் வாரம் குரல் வந்தது. கம்பெனியில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டவர்கள் வீட்டுக்கும் செத்தவர்கள் வீட்டுக்கும் நடப்பார். ஊரைச் சுற்றி நாலு மணி நேரம். ஒரு வீட்டில் விதவை காசை வாங்கிக்கொண்டு, "வாசல்லயே நின்னு இன்னொரு தடவ சொல்லுங்க. எதிர்வீட்டுக்காரி படத்தைப் பாத்துட்டுப் பெரிசா பேசினா" என்றாள். கசில்டா பட்டியலிலேயே இல்லை. தெருமுனையில் வழிமறித்து, "எனக்குக் காசு வேண்டாம், வாக்கியம் மட்டும் குடுங்க" என்றாள். கொடுத்தார்.

ஐந்தாறு மாதத்தில் ஊருக்கே அது பாடமாகிவிட்டது. சனிக்கிழமை அவர் தலை தெரிந்ததும் ஜன்னலில் இருக்கும் பெண்கள் அவருக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். காபிக்கடையில் பல் போனவனும் சொன்னான், கொஞ்சம் காற்று கலந்து வந்தது. ஒன்பதாம் மாதம் ஃபெர்மினே கூட்டத்தில் எழுந்து சுவர் விஷயத்தைக் கிளப்பினான். மறு வாரம் பெயிண்டர் ஏணி வைத்து ரெமிஹியோவின் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதினார். நான் கீழே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். பெயர் வந்துவிட்டது. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. உண்மையைச் சொன்னால், சனிக்கிழமை வருவதற்காகத்தான் அந்த வருஷம் நான் எழுந்து வேலைக்குப் போனேன்.

நாற்பதாவது வாரமோ என்னவோ, புயல்மழை. அவருக்குக் காய்ச்சல், நடுங்கிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார்.

"இந்த வாரம் மட்டும் விட்டுடு நிக்காசியோ. அடுத்த வாரம் சேத்துத் தர்றேன்."

"சேத்து வாங்குறதில்லைன்னு பேசியாச்சே."

"நான் மனுஷன் இல்லையா?"

"நீங்க மனுஷன்தான். நடங்க."

நடந்தார். அன்றைக்கு மாலை கசில்டா காபிக்குவளையை என் முன்னால் டொக்கென்று வைத்தாள். "போதும்யா. அந்தாளு பாதியா இளைச்சுட்டான்."

"என் அண்ணன் பதினோரு நாள்ல எவ்வளவு இளைச்சான் தெரியுமா? சவப்பெட்டியைத் தூக்கினது நான். காலிப்பெட்டியோன்னு திறந்து பாத்தேன்."

அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காபியில் சர்க்கரையும் போடவில்லை.

ஐம்பத்திரண்டாவது சனிக்கிழமை. கடைசிக் கை என்னுடையது. அப்படி வரிசை வைத்தது நான்தான். சங்கக் கூடத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பையில் ஒரே ஒரு நாணயம். என் உள்ளங்கையில் வைத்தார். "ரெமிஹியோ யாரையும் காட்டிக் கொடுக்கல" என்றார். நாலாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாவது தடவை. குரலில் ஒன்றும் இல்லை, அவர் முகத்திலும் இல்லை. நான் உட்காரச் சொல்லவில்லை, அவரே உட்கார்ந்தார்.

"கடிதம்" என்றார்.

ஃபானோ பேனாவை எடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். "நான் எழுதுறேன்."

என் எழுத்து கோணல். ஒரு வரிக்கு ஒரு சுருட்டு சுற்றிவிடலாம், அவ்வளவு நேரம். எழுதி முடித்து, சங்க முத்திரை குத்தி, அவர் பக்கம் தள்ளினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவந்திருந்தார்.

'லெயோன்சியோ உர்கியோலா எங்களிடம் 244 பெசோ 40 சென்டாவோ கடன் வாங்கியிருந்தார். ரெமிஹியோ யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை என்று ஒரு நாவல் எழுதுவதற்காக. எழுதினார். பிறகு மூவாயிரம் பெசோ வாங்கிக்கொண்டு, காட்டிக் கொடுத்தான் என்று சினிமாவுக்கு எழுதினார். கடன் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. இனி இவர் எங்களுக்கு எதுவும் தரவேண்டியதில்லை. இப்படிக்கு, ரெமிஹியோவின் தம்பி நிக்காசியோ.'

"இதைக் காட்டினா எவன் எனக்கு மேடை குடுப்பான்?" காகிதத்தின் நடுவில் விரலை வைத்தார். "நடுவுல அந்த ரெண்டு வரி எதுக்கு? அதை மட்டும் அடிச்சுடு நிக்காசியோ. ஒரு வருஷம் நடந்திருக்கேன்."

"அதுல எது தப்புன்னு சொல்லுங்க, அடிச்சுடறேன்."

மறுபடியும் படித்தார். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, நான் படிக்கிற மாதிரியே படித்தார். தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்து வெள்ளைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிதாபம் வருமோ என்று ஒரு நிமிஷம் காத்தும் பார்த்தேன், வரவில்லை.

ஃபானோ கணக்குப் புத்தகத்தைத் திறந்து முப்பத்தெட்டாம் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். தொகையின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'வரவு' என்று எழுதி, என் பெயரைக் கையெழுத்திட்டேன்.